காலுக்கு லாடம் அடித்த கதை

கார்பன் அடிப்பாகம் கொண்ட சைக்கிள் ஷூ கூரியரில் வந்து சேர்ந்த அன்று மாலை, அதைக் காலில் மாட்டிப் பார்ப்பதற்கு முன்பே சமையலறைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தேன். இடது கால் 281 கிராம், வலது கால் 284 கிராம். விற்றவர் தம்முடைய பக்கத்தில் 250 கிராம் என்று போட்டிருந்தார். அது எந்த அளவு ஷூவின் எடை என்பதை மட்டும் சொல்லவில்லை. முப்பது கிராமுக்காக யாரிடமும் சண்டை போடப் போவதில்லை என்றாலும், எடையைப் பெரிய எழுத்தில் போட்டுத்தான் அவர் என்னை வாங்க வைத்தார் என்பதால் இதை முதலிலேயே பதிந்துவைக்கிறேன். ஷூவின் விலை ரூ. 6,900, அதனுடன் சேர்த்து வாங்கிய, ஷூவைப் பூட்டிக்கொள்ளும் பெடல் ரூ. 4,600. கார்பன் ஷூக்களின் உலகில் இது கடைசிப் படிக்கட்டு. மேல்படியில் இருப்பவற்றின் விலைக்குக் காரைக்குடியில் பழைய மொபெட் ஒன்றை வாங்கிவிடலாம்.

இதை வாங்கியதற்குக் காரணம் வேகம் அன்று, உள்ளங்கால் எரிச்சல். ஞாயிறுதோறும் விடியலுக்கு முன் காரைக்குடியிலிருந்து புறப்பட்டு, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி வழியாகச் சுற்றி வீடு திரும்புவது சில ஆண்டுகளாக என் வழக்கம். இடையில் ஊர்த் தெருக்களில் நுழைந்து வருவதையும் சேர்த்தால் 40 கி.மீ. அளவுக்கு வரும். சாதாரண விளையாட்டு ஷூ போட்டுக்கொண்டு தட்டையான பெடலில் ஓட்டும்போது, 25 கி.மீ. தாண்டியதும் வலது உள்ளங்காலின் நடுவில் தீக்குச்சி கிழித்தது போல ஓர் எரிச்சல் தொடங்கிவிடும். மெத்தென்ற அடிப்பாகம் ஒவ்வொரு மிதிக்கும் பெடலின் விளிம்பைச் சுற்றி வளைகிறது. அந்த வளைவைத் தாங்கும் வேலை பாதத்தின் சிறு தசைகளுக்குப் போய்ச் சேர்கிறது. நடப்பதற்கு வளைகிற ஷூ நல்லது, மிதிப்பதற்கு வளையாத ஷூ நல்லது என்பதை அந்த எரிச்சல்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

இந்த வகைப் பெடலுக்குக் கிளிப்லெஸ் என்று பெயர். காலைப் பெடலோடு பூட்டிவைக்கும் ஒன்றுக்குக் கிளிப் இல்லாதது என்று ஏன் பெயர் வந்தது என்று எனக்கும் வெகுநாள் புரியாமல் இருந்தது. முன்பு பந்தயக்காரர்கள் பெடலின் மேல் ஓர் இரும்புக் கூட்டை வைத்து, அதற்குள் ஷூவின் நுனியை நுழைத்துத் தோல்வாரால் இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள்; அந்தக் கூடுதான் கிளிப். பனிச்சறுக்குக் கட்டைகளில் பூட்ஸைப் பூட்டும் கருவிகளைச் செய்துவந்த பிரான்ஸ் நாட்டு நிறுவனமான லுக், அதே விசைப்பூட்டு உத்தியைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்து 1984இல் ஒரு பெடலை வெளியிட்டது. கூடும் தோல்வாரும் இல்லாமல் போனதால் அதற்குக் கிளிப்லெஸ் என்ற பெயர் நிலைத்துவிட்டது. மறு ஆண்டே, 1985இல், பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலைக் கொண்டு டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். 1990இல் ஷிமானோ நிறுவனம் மலைச் சைக்கிளுக்கென்று எஸ்பிடி என்ற சிறிய பூட்டுமுறையைக் கொண்டுவந்தது. இன்று நாம் வாங்கும் மலிவுப் பெடல்கள்கூட இந்த இரண்டு குடும்பங்களில் ஒன்றின் பிள்ளைகள்தாம்.

என் தவறு அந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததில் தொடங்கியது. எஸ்பிடி வகையில் ஷூவின் அடியில் இரண்டு திருகுகளால் பொருத்தப்படும் சிறிய உலோகத் துண்டு ஒன்று இருக்கும். கிளீட் எனப்படும் அந்தத் துண்டு அடிப்பாகத்தின் பள்ளத்துக்குள் ஒளிந்துகொள்வதால், இறங்கி நடப்பதற்குத் தடை இல்லை. லுக் வழிவந்த சாலைப் பந்தய வகையில் மூன்று திருகுகளால் பொருத்தப்படும் உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் கிளீட் அடிப்பாகத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்; நடந்தால் வாத்து நடையும் டக் டக் ஓசையும் தப்பாது. மலிவு விலையில் எனக்குக் கிடைத்த கார்பன் ஷூக்களில் பெரும்பாலானவை மூன்று துளை வகையாகவே இருந்தன. ஷூவை முதலில் பிடித்துப்போய், அதற்கு ஏற்ற பெடலைப் பிறகு தேடினேன். மாட்டைப் பிடிக்கும் முன் கயிற்றுக்கு விலை பேசியவன் கதை இது. எங்கே, எத்தனை முறை காலை ஊன்றப் போகிறோம் என்பதைத்தான் முதலில் யோசித்திருக்க வேண்டும்.

பெடலைப் பொருத்துவதற்கு நான் வழக்கமாகப் போகும் சைக்கிள் கடைக்குப் போனேன். பழைய பெடலைக் கழற்றும்போது கடைக்காரர் இடப்பக்க ஸ்பேனரை வழக்கத்துக்கு எதிராகச் சுழற்றினார். இடது பெடலுக்கு மரை மறுபக்கம் ஓடும். அது தெரியாமல் பலம் கொண்டு திருகினால், பெடலைத் தாங்கும் கையான கிராங்கின் மரை வழித்துக்கொண்டு போய்விடும். மிதிக்கும்போது பெடலின் அச்சு தன் துளைக்குள் மிகச் சிறிதாக உருண்டு, சுழற்சிக்கு எதிர்த்திசையில் நகரப் பார்க்கும் என்பதால், இரு பக்கமும் ஒரே மரை வைத்தால் இடப்பக்கம் தானாகக் கழன்றுவிடும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. கடைக்காரர் மரையில் கிரீஸ் தடவி, முதல் நான்கு சுற்றுகளைக் கையாலேயே ஏற்றி, அதன் பிறகுதான் ஆலன் கீயை எடுத்தார். புதுப் பெடலைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இதுல செருப்புக் காலோட ஒரு தெரு தள்ளிக்கூட மிதிக்க முடியாதே, தம்பி" என்றார். உண்மைதான். ஒரே பக்கம் மட்டுமே பூட்டுகிற பெடல் அது. பின்பக்கம் கனமாக இருப்பதால் எப்போதும் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு தொங்கும். பால் வாங்கக் கடைக்குப் போவதற்கு அந்தச் சைக்கிள் அன்றிலிருந்து பயன்படவில்லை.

இனி, இந்த முழு விவகாரத்திலும் உண்மையாகவே கவனம் தேவைப்படுகிற இடத்துக்கு வருகிறேன். அது கிளீட்டை ஷூவின் அடியில் பொருத்துவது. பெட்டியோடு வந்த தாளில் படம் மட்டும் இருந்தது. முதல் நாள் இரண்டு ஷூவிலும் கண் மதிப்பில் நடுவில் வைத்து முறுக்கிவிட்டு, அடுத்த இரண்டு வாரங்களுக்கு இடது முழங்காலின் வெளிப்புறத்தில் ஒரு வலியைச் சுமந்துகொண்டு திரிந்தேன். தட்டைப் பெடலில் கால் தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் நாம் அறியாமலே பாதத்தை நகர்த்திக்கொள்வோம். பூட்டிய காலுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 4,800 முறை அதே கோணத்தில் சுற்றுகிறது, நிமிடத்துக்கு 80 சுற்று என்று வைத்துக்கொண்டால். இரண்டு மி.மீ. பிசகு அத்தனை முறையும் முழங்காலைத்தான் போய் இழுக்கும்.

இரண்டாம் முறை உட்கார்ந்து நிதானமாகச் செய்தேன். வெறுங்காலில் ஷூவைப் போட்டுக்கொண்டு, பெருவிரல் அடியில் இருக்கும் உருண்டை எலும்பையும் சுண்டுவிரல் அடியில் இருக்கும் எலும்பையும் வெளியிலிருந்து தடவிக் கண்டுபிடித்து, ஷூவின் இரு பக்கமும் வெள்ளி நிறப் பேனாவால் புள்ளி வைத்தேன். இந்த இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோட்டுக்கு நடுவில் பெடலின் அச்சு வருமாறு கிளீட்டை வைப்பது தொடக்கத்துக்கு நல்ல இடம். பிறகு சாப்பாட்டு மேசையின் விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தளர்வாகத் தொங்கவிட்டுப் பார்த்தபோதுதான், என் இடது பாதம் வலதைவிட நன்றாகவே வெளிப்புறம் திரும்பியிருப்பது தெரிந்தது. நாற்பத்தோரு வருடம் இந்தக் காலோடு நடந்தும் அதை நான் கவனித்ததில்லை. இடது கிளீட்டை அந்தத் திருப்பத்துக்கு ஏற்றபடி சாய்த்து வைத்த அடுத்த ஞாயிறே முழங்கால் வலி பாதியானது. அதற்கடுத்த வாரம் போய்விட்டது.

கிளீட்டின் நிறத்துக்கும் பொருள் உண்டு. ஷிமானோவின் சாலை வகையில் சிவப்பு என்றால் காலுக்கு அசைவே இல்லை, நீலம் என்றால் 2 பாகை, மஞ்சள் என்றால் 6 பாகை அசையலாம். புதிதாகத் தொடங்குகிறவர் மஞ்சளைத் தாண்டி எதையும் தொட வேண்டியதில்லை என்பது என் துணிபு. நான் முழங்காலைக் கொடுத்துப் பெற்ற அறிவு இது. திருகுகளை 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கச் சொல்கிறார்கள். முறுக்கு அளவு காட்டும் கருவி இல்லாதவர்கள் 4 மி.மீ. ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்துக் கை வலிக்கும் வரை முறுக்கினால் ஏறத்தாழ அந்த அளவுக்கு வரும். முதல் பயணம் முடிந்ததும் மறுபடியும் ஒரு முறை முறுக்கிப் பார்ப்பது அவசியம். இருக்கையின் உயரத்தையும் நான் 6 மி.மீ. குறைக்க வேண்டியிருந்தது. பழைய ஷூவின் தடித்த அடிப்பாகம் போய்க் கார்பனின் மெல்லிய தகடு வந்ததால் பாதம் அச்சுக்கு நெருங்கிவிட்டது. உயரத்தை மாற்றாமல் ஓட்டியிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கால் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்திருக்கும்.

பூட்டவும் விடுவிக்கவும் வீட்டு முற்றத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு பழகினேன். நுனியை முன்னால் கொக்கியில் நுழைத்து அழுத்தினால் பூட்டு. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விடுதலை. பெடலின் பின்புறத்தில் உள்ள சிறு திருகைத் தளர்த்தி, பூட்டின் இறுக்கத்தைக் குறைந்தபட்ச அளவில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு காலுக்கும் ஐம்பது முறை. பிறகு, எல்லாம் வந்துவிட்டது என்ற நினைப்போடு சாலைக்குப் போய், நான்காம் நாள் பள்ளத்தூரில் ஒரு தேநீர்க் கடை முன்னால் விழுந்தேன். விழுந்தது வேகத்தில் அன்று, நிற்கும்போது. இடது காலை விடுவித்தேன், ஆனால் உடல் வலப்பக்கம் சாய்ந்தது. வெட்டிய வாழைமரம் போல, சைக்கிளோடு ஒரே கட்டாக, மெதுவாக, எல்லோரும் பார்த்து முடிக்கும் அளவுக்கு அவகாசம் கொடுத்துச் சாய்ந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, மற்றபடி ஒன்றும் இல்லை. பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டு, என் ஷூவின் அடியைப் பார்த்து, "காலைக் கட்டிப்போட்டுக்கிட்டு எதுக்கு ஓட்டுறிய?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு ஒரு தேநீர் முழுக்கத் தேவைப்பட்டது. அவர் சமாதானம் அடைந்ததாகத் தெரியவில்லை.

அதன் பிறகு நான் கடைப்பிடிப்பது ஒரே ஒரு பழக்கம்தான். ஆட்டுக்கூட்டமோ, பேருந்து நிறுத்தமோ, ரயில்வே கேட்டோ கண்ணில் பட்டவுடனே, நிற்கப் போகிறேனா இல்லையா என்று யோசிக்காமல் இடது காலை விடுவித்து, உடலையும் அதே பக்கம் சாய்க்கத் தயாராகிவிடுகிறேன். எங்கள் பக்கத்துச் சாலைகளில் இது ஒரு சுற்றுக்கு முப்பது தடவையாவது நடக்கிறது.

ஆத்தங்குடிக்கு முன்னால் உள்ள ஒரு கிராமத்தில் என் அப்பத்தாவின் வீடு இருக்கிறது. ஞாயிறு சுற்றின் நடுவில் அங்கே இறங்கிக் காபி குடிப்பது நெடுநாள் பழக்கம் என்பதால், புது ஷூவோடு நேரே உள்ளே நடந்துவிட்டேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பிளாஸ்டிக் கிளீட்டோடு நடப்பது எப்படி என்பதை விளக்க வேண்டுமானால், அந்தக் கல் எப்படிச் செய்யப்படுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை அறை அறையாக ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, அதன் மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்து, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுகிறார்கள். சூளையும் இல்லை, இயந்திர மெருகும் இல்லை. அந்த வழவழப்பு முழுக்கக் கண்ணாடியிடமிருந்து வாங்கியது. அதன் பிறகு வீட்டு மனிதர்களின் காலடிகள் பல பத்தாண்டுகள் அதை மேலும் தேய்த்து மெருகேற்றுகின்றன. அந்தத் தரையில் நான் இரண்டு அடி வைத்ததும் பின்னால் சரிந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பத்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். சத்தம்தான் முதலில் அவரை எட்டியிருக்கிறது. "மாட்டுக்குத்தான் லாடம் அடிப்பாக, நீ எப்படா அடிச்சுக்கிட்ட?" என்று கேட்டுவிட்டு, என்னைவிடத் தரையைத்தான் அதிகம் குனிந்து பார்த்தார். கீறல் எதுவும் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து என் ஷூவுக்குத் திண்ணையோடு எல்லை. இந்தப் பொருளுக்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. வண்டிமாட்டுக்கு லாடம் அடிப்பது சாலையில் குளம்பு தேயாமல் இருக்க. எனக்கு அடித்த லாடமோ சாலையில் இறங்கினாலே தேய்கிறது.

கார்பனைப் பற்றி இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை என்று வாசிப்பவர்களுக்குத் தோன்றலாம். சொல்வதற்கு அவ்வளவுதான் இருக்கிறது என்பதே என் அனுபவம். என் ஷூவின் அடியில் நெசவுப் பாய் போன்ற கார்பன் இழைக்கோலம் பளபளக்கிறது. நுனியிலும் குதிகாலிலும் ரப்பர் துண்டு. நடுவில் காற்றுக்கு இரண்டு துளை. மலிவு ஷூக்களில் இந்தக் கோலம் மேலே ஓடும் ஒரு படலமாக மட்டும் இருந்து, உள்ளே நைலானோ கண்ணாடியிழையோ இருப்பதும் உண்டு. வெட்டிப் பார்க்காமல் அதை உறுதி செய்ய முடியாது. வெட்டிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு கையாலும் நுனியையும் குதிகாலையும் பிடித்து முழங்காலில் வைத்து வளைத்துப் பார்த்தேன், அசையவே இல்லை. எனக்கு வேண்டியதும் அதுதான். உள்ளங்கால் எரிச்சல் முதல் வாரமே நின்றுபோனது, அதன் பிறகு 60 கி.மீ. ஓட்டிய நாளிலும் திரும்பி வரவில்லை.

எரிச்சல் போன இடத்தில் மரத்துப்போதல் வந்தது. வளையாத தகடு பாதத்துக்கு இடம் கொடுக்காது. ஷூவின் முன்பகுதி குறுகலாக இருந்தால் விரல்கள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் கடைசி இரண்டு விரல்கள் நம்முடையவை இல்லை என்று ஆகிவிடும். செருப்புப் போட்டே வளர்ந்த நம் பாதங்கள் முன்பக்கம் அகன்றவை. அளவெடுக்கும்போது நான் காலையில் உட்கார்ந்த நிலையில் அளந்தேன். மாலையில், நின்றுகொண்டு, குதிகாலைச் சுவரில் ஒட்டி, தாளில் பாதத்தின் நீளத்தோடு அகலத்தையும் வரைந்து அளந்திருக்க வேண்டும். வெயிலில் பாதம் வீங்கி அரை அளவு கூடுகிறது. ஷூவைத் திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு இந்த ஞானம் வந்ததால், வேறு வழி தேட வேண்டியதாயிற்று. கிளீட்டை இன்னும் 3 மி.மீ. குதிகால் பக்கம் தள்ளினேன். முன்பட்டையை ஏறத்தாழத் திறந்தே விட்டு, மேலே உள்ள திருகு டயலை மட்டும் இறுக்கினேன். உள்ளே இருந்த காகிதம் போன்ற அட்டையை எடுத்துவிட்டு, ஊரில் கிடைத்த நல்ல உள்ளட்டை ஒன்றை வெட்டிப் போட்டேன். மூன்றில் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, ஆனால் விரல்கள் திரும்பிவிட்டன. இன்னொன்று: கறுப்பு நிறத்தை வாங்காதீர்கள். கார்பன் சூடேறும் என்று பயமுறுத்துவார்கள். எனக்குச் சூடு வந்தது அடியிலிருந்து அன்று, பத்து மணி வெயிலைக் குடித்த மேல்துணியிலிருந்து.

வேகம் கூடியதா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. என் அளவே கால் உள்ள நண்பர் ஒருவரிடம் நைலான் அடிப்பாகம் கொண்ட ஷூ இருந்தது, என் ஷூவின் பாதி விலைக்கும் குறைவானது. அதே மஞ்சள் கிளீட்டை அதே இடத்தில் பொருத்தி, இரண்டு ஞாயிறு அதிலும் இரண்டு ஞாயிறு கார்பனிலும் அதே வழியில் ஓட்டிப் பார்த்தேன். நான்கு நாள்களின் நேரமும் ஒன்றுக்கொன்று நான்கு நிமிடத்துக்குள் இருந்தது. மிகக் குறைந்த நேரமும் மிகக் கூடிய நேரமும் இரண்டுமே கார்பனில் வந்தவை. இரண்டுக்கும் நடுவில் இருந்த வேறுபாடு ஷூவில் இல்லை, காற்றில் இருந்தது. ஆடி மாதத்தில் கானாடுகாத்தானிலிருந்து மேற்கு நோக்கித் திரும்பும்போது முகத்தில் அறையும் காற்றுக்கு எந்த அடிப்பாகமும் ஈடு கொடுக்காது. நான்கு நாள் சோதனையை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாதுதான். என் கால்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்: தட்டைப் பெடலிலிருந்து பூட்டுப் பெடலுக்கு மாறியது பெரிய மாற்றம், நைலானிலிருந்து கார்பனுக்கு மாறியது, கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டால் ஒருவேளை கண்டுபிடிப்பேன் என்ற அளவிலான மாற்றம். காலை மேலே இழுத்தும் விசை கொடுக்கலாம் என்று சொல்வார்கள். அப்படியெல்லாம் அரை நிமிடத்துக்கு மேல் என்னால் முடிந்ததில்லை. மேலேறும் கால் தன் எடையைப் பெடல் மீது போடாமல் இருந்தாலே போதும். குண்டும் குழியுமான இடத்தில் பாதம் பெடலை விட்டுத் துள்ளாமல் இருப்பதுதான் எனக்குக் கிடைத்த முதன்மையான லாபம்.

மூன்று திருகு வகை நம் ஊருக்கு ஏற்றதா என்றால், ஐப்பசி மழை பெய்யும் வரை நான் ஆம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஊரணிக் கரையில் ஒரு நாள் இறங்கி, ஈரச் செம்மண்ணில் பத்தடி நடந்து திரும்பியபோது, இரண்டு கிளீட்டிலும் சாந்து பூசியது போல மண் அப்பிக்கொண்டு, பெடல் காலை ஏற்க மறுத்துவிட்டது. வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றபடி, பல் துலக்குவது போலக் கிளீட்டைச் சுரண்டினேன். அந்தக் குச்சி இப்போதும் பையில் இருக்கிறது. பிள்ளையார்பட்டியில் காலணி வைக்கும் இடத்தில் கொடுத்தபோது, டோக்கன் தந்தவர் ஷூவைத் திருப்பிப் பார்த்துவிட்டு மற்ற செருப்புகளோடு சேர்க்காமல் தனியாக ஓரத்தில் வைத்தார். மரியாதையா சந்தேகமா என்று தெரியவில்லை. தை மாதத்தில் குன்றக்குடிச் சாலையில் பழநிக்கு நடந்து போகிறவர்கள் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு போகும்போதும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அவர்களில் பலர் வெறுங்காலில் தாரில் நடந்துகொண்டிருந்தார்கள்; நான் என் கடைசி இரண்டு விரல்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏழு மாதம் ஆகிவிட்டது. ஷூவின் மேல்பகுதியில் ஒட்டு பிரியவில்லை, டயல் வேலை செய்கிறது, கார்பனில் பள்ளத்தூரில் விழுந்தபோது ஏற்பட்ட ஒரு கீறல் மட்டும் இருக்கிறது. இடது கிளீட்டின் மஞ்சள் விளிம்புகள் தேய்ந்து உருண்டுவிட்டன. எப்போதும் ஊன்றுகிற கால் அது. நான் கேட்ட உள்ளூர்க் கடைகள் எதிலும் மாற்றுக் கிளீட் கிடைக்கவில்லை, இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. வாங்குகிறவர்கள் முதல் நாளே ஒரு ஜோடி கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பழைய கிளீட்டைக் கழற்றுவதற்கு முன் அதன் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளவும் மறக்க வேண்டாம். இல்லையென்றால் மேசை விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்த முறை பணம் கையில் இருந்தால் இரண்டு திருகு பெடலும், நடக்க முடிகிற நைலான் ஷூவும்தான் வாங்குவேன். மீதிப் பணத்தில் நல்ல டயர் போடுவேன், கருவேல முள்ளுக்கு அது உதவும். அதற்காக இந்தக் கார்பன் ஷூவை விற்றுவிடவும் போவதில்லை. எங்கும் இறங்காமல் திருமயம் வரை போய்த் திரும்பும் நாள்களில் இதைப் போட்டுக்கொள்கிறேன். மற்ற ஞாயிறுகளில் அது அப்பத்தா வீட்டுத் திண்ணையில், லாடம் மேலே தெரியக் கவிழ்ந்து கிடக்கிறது. அப்படிக் கவிழ்த்து வைப்பது நான் இல்லை. நிமிர்த்தி வைத்தால் உள்ளே தேள் ஏறிவிடும் என்று அப்பத்தாதான் திருப்பி வைக்கிறார்.